வயலுக்குப் போன கெட்டிமேளம்

ஒரு தண்ணீர்ப் பானைக்காக என் மாமியாரின் இருநூற்றுச் சொச்சம் சிடிகளை வயலுக்கு அனுப்பியவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பர்மாவில், எங்கள் தாகேதா வார்டில் இதை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, தொட்டில் குழந்தைக்கும் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கைப்பேசி விற்கும் தொழில். விற்பேன், பழுது பார்ப்பேன், கூப்பிட்டு உட்காரவைத்து அறிவுரையும் சொல்வேன் (அது இலவசம், அதனால் யாரும் கேட்பதில்லை). கடையின் கண்ணாடி அலமாரியில், போன் உறைகளுக்கு நடுவே, வெயிலில் வெளுத்துப்போன ஒரு சிடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கடைக்கு வரும் இளவட்டங்கள் அதைப் பார்த்துவிட்டு, பாட்டெல்லாம் போனிலேயே வரும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். சிலர் ஒன்றும் கேட்காமல் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்வதும் உண்டு. சிடிக்கு இனிமேல் மதிப்பு உண்டா இல்லையா என்று என்னைக் கேட்டால் நேரடியாகப் பதில் சொல்ல வராது. என் மைத்துனி கல்யாணத்தில் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வரும்.

நான் மோல்மீன்காரன். என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. பிறகு பிழைப்பைத் தேடி மனைவி மலரின் ஊரான ரங்கூனுக்கு வந்தேன். (யாங்கோன் என்று எழுத வேண்டும்தான். எங்கள் வீடுகளில் இன்னும் ரங்கூன்தான்.) தாகேதாவில் மாமியார் வீட்டிலேயே தங்கினோம். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னது எல்லாம் காதில் விழுந்தது. அதனால் எப்போதும் ஏதாவது ஒரு விதத்தில் என் உபயோகத்தை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அரிப்பு எனக்கு இருந்தது. எல்லாக் கேட்டுக்கும் அதுதான் மூலம்.

மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கப்பலில் வேலை பார்த்தவர். போன துறைமுகங்களில் எல்லாம் சிடி வாங்கிச் சேர்த்திருந்தார். ஒரு மர அலமாரி நிறைய இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதிய அவருடைய கையெழுத்து. அந்தச் சின்ன வீட்டில் மாமியார் லெட்சுமி அத்தை, அவருடைய இளைய மகள் வனிதா, நான், மலர், எங்கள் கைக்குழந்தை, அப்புறம் அந்த அலமாரி. ஆறு பேரில் அலமாரிதான் அதிக இடம் எடுத்துக்கொண்டது.

குழந்தையின் துணி வைக்க இடமில்லை என்று மலர் ஒருநாள் முணுமுணுத்தாள். முணுமுணுத்தது அவளுக்கே மறந்திருக்கும். நான்தான் எள் என்றால் எண்ணெயாக நிற்பவன் ஆயிற்றே. அதே வாரம் த்வாண்டே பக்கத்தில் நெல் பயிரிடும் ஊ டின் என்ற பர்மியப் பெரியவர் போன் பழுது பார்க்க என் கடைக்கு வந்தார். கதிர் முற்றுகிற நேரம், குருவித் தொல்லை தாங்கவில்லை என்றார். பழைய சிடிகள் கிடைத்தால் மூங்கில் நட்டுக் கட்டிவிடலாம், வெயில் பட்டு மின்னினால் ஒரு குருவி அண்டாது என்றும் சொன்னார். தெய்வமே ஆள் அனுப்பியதாக நான் நினைத்துக்கொண்டேன்.

கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு நான் மோசமானவன் இல்லை. முறையாகக் கேட்டேன்.

"அத்தை, இந்த சிடி எல்லாம் சும்மாதானே கிடக்கு? பாட்டு பூரா இப்போ போன்லயே இருக்கு. ஒருத்தருக்குக் குடுத்துடலாமா?"

அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "யபாடே மாப்பிள்ளை, உங்க இஷ்டம்" என்றார்.

யபாடே என்றால் பர்மிய மொழியில் பரவாயில்லை. இதைக் கேட்டு அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி நின்றது. மாப்பிள்ளை கேட்டதை மாமியார் முகத்துக்கு நேரே மறுக்கும் பழக்கம் எங்களில் கிடையாது. வீட்டுக் கூரையைப் பிரித்து விற்கட்டுமா என்று கேட்டாலும் உங்க இஷ்டம் என்றுதான் பதில் வரும். போதாக்குறைக்குப் பர்மியர்களிடம் ஆனாடே என்று ஒரு குணம் உண்டு. அடுத்தவர் மனம் நோகுமோ என்று கூசி, தனக்கு வேண்டியதைக்கூடச் சொல்லாமல் விட்டுவிடுவது. அத்தை தமிழ் மாமியார், பர்மாவில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு கூச்சமும் ஒரே உடம்பில் இருந்தன. அவரிடம் போய் நான் அனுமதி கேட்டிருக்கிறேன்.

மறுநாள் அலமாரியைக் காலி செய்து, கீழ்த்தட்டு மேல்தட்டு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் இரண்டு அரிசிச் சாக்குகளில் கட்டி அனுப்பினேன். அத்தை சந்தையிலிருந்து வந்தார். காலி அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்தார். அவருக்கு எவ்வளவு திருப்தி பார் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஊ டின் நன்றிக்கு அடையாளமாக ஒரு த்வாண்டே மண்பானையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நல்ல பானை. தண்ணீர் சில்லென்று இருக்கும்.

தை மாதத்தில் வனிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேளத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. இந்த ஊரில் நாகஸ்வரம் வாசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், முகூர்த்த நாளில் அந்த விரல்களும் வேறு கல்யாணத்துக்குப் போயிருக்கும். அதனால் எங்கள் வார்டில் பல வருடமாகக் கல்யாண மேளம் சிடியில்தான். மாமனார் சென்னையில் வாங்கி வந்த மங்கல இசை சிடி ஒன்று இருந்தது. எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் அதையும் பழைய பிளேயரையும் கேட்டு அத்தையிடம்தான் வருவார்கள். அது கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது. இப்போது த்வாண்டேயில் மூங்கிலில் இருந்தது.

நான் கவலைப்படவே இல்லை. நெட்டில் தேடினால் ஒன்றுக்கு நூறு கெட்டிமேளம் வந்து விழுகிறது. ஒரு கீறல் இல்லை, கரகரப்பு இல்லை. மலர் கேட்டபோது எல்லாம் போனில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்த சிடியிலிருந்தே பதிந்து வைத்திருக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அத்தையிடமும் ஒரு வார்த்தை சொன்னேன். வழக்கம்போல் அவர் பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்து சிரமப்பட வேண்டாம், ஓய்வாக இருந்து மகள் கல்யாணத்தைப் பார்க்கட்டும் என்றேன். அதற்கும் "யபாடே மாப்பிள்ளை" என்றார். எவ்வளவு நல்ல மாப்பிள்ளை நான்.

இந்த இடத்தில், எனக்குத் தெரியாத, ஆனால் வார்டு முழுவதற்கும் தெரிந்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். மாமனார் போன பிறகு நடந்த முதல் கல்யாணத்தில் அந்த சிடி கைதவறிக் கீழே விழுந்து கீறல் பட்டிருக்கிறது. கெட்டிமேளம் உச்சத்துக்குப் போகும்போது சரியாக அந்தக் கீறலில் மாட்டி, டும், டும், டும் என்று மூன்று முறை தனித்தனியாகத் திக்கி, பிறகு ஒரு மூச்சு நேரம் நின்று, அப்புறம் தாவிப் போகும். அன்றைக்குத் தாலி கட்டிய மணமகன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொரு டும்முக்கும் ஒரு முடிச்சாக மூன்று முடிச்சையும் போட்டுவிட்டான். சாமியே எண்ணிக் கொடுத்தது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அடுத்த வருடமே அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்றிலிருந்து அதுவே வழக்கம். பூசாரிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால், திக்கல் வருவதற்குச் சற்று முன்னால் அத்தை பிளேயர் பக்கத்திலிருந்து வலது கையைத் தூக்குவார். பூசாரி அந்தக் கையைப் பார்ப்பார், மணமகன் பூசாரியைப் பார்ப்பான். மூன்று டும், மூன்று முடிச்சு, பிறகு வரும் அமைதியில் அட்சதை. எங்கள் வார்டில் அத்தனை கல்யாணமும் இப்படித்தான் நடந்திருக்கின்றன. இத்தனை கல்யாணங்களுக்குப் போயிருந்தும் எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். நான் எந்தக் கல்யாணத்துக்கும் முதல் பந்திக்குச் சற்று முன்னால்தான் போவேன்.

கல்யாண நாள் வந்தது. கோயிலை ஒட்டிய மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், இருநூறு பேர். அத்தை விதவை என்பதால் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க நானும் மலரும் மேடையில் உட்கார்ந்தோம். போனை வேட்டி மடிப்பில் செருகி, புளூடூத் வழியாக மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தேன். மணமேடையில் சம்மணமிட்டபடி இடுப்பிலிருந்து நாகஸ்வரம் வாசித்த முதல் ஆள் உலகத்திலேயே நான்தான் என்ற நினைப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடைக்குப் பக்கத்தில் வழக்கமாகப் பிளேயர் வைக்கும் ஸ்டூலும் ஒரு நாற்காலியும் காலியாகக் கிடந்தன. இடத்தை அடைக்கிறதே, யாராவது எடுத்துப் போடக்கூடாதா என்றுகூட நினைத்தேன்.

நெட் நின்றுவிடும், கரண்ட் போய்விடும், விளம்பரம் வந்துவிடும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் இருந்தது, நெட் பறந்தது, விளம்பரம் வராமலிருக்க நான் பணம் கட்டியிருந்தேன். கெடுதலே அதுதான். பூசாரி கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று குரல் கொடுத்தார். நான் இடுப்பைத் தொட்டேன். மண்டபம் அதிர்ந்தது. மணமகன் ரவி தாலியைக் கையில் எடுத்து வனிதாவின் கழுத்தருகே கொண்டுபோனான். அங்கேயே நின்றான்.

மேளம் உச்சத்துக்குப் போனது. ரவி நின்றான். பூசாரி காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறு பேர் அட்சதையை மூடிய கைகளில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மேளம் உச்சத்திலிருந்து இறங்கியது. திக்கவில்லை, திணறவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அழகாக இறங்கி, முடிந்தும் போனது. கட்டுங்க, கட்டுங்க என்று நான் கிசுகிசுத்தேன். இன்னும் வரலையே என்று ரவியும் கிசுகிசுத்தான். என்ன வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குள் வேறொன்று வந்துவிட்டது. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததைத் தானாகவே போடுவது இந்தச் செயலிகளின் குணம். ஆளின் பழக்கத்தைப் பார்த்து, அவனுக்கு எது பிடிக்கும் என்று அதுவே முடிவு செய்யும். குழந்தையைத் தூங்கவைக்க ஆறு மாதமாக நாங்கள் தினமும் மழைச் சத்தம் போட்டுக் கேட்கவைத்துக்கொண்டிருந்தோம். தாலி கட்டுகிற நேரத்தில், மழைக்கு வழியே இல்லாத தை மாதத்தில், மண்டபத்துக்குள் இடி இடித்தது.

பெரியவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் காயப்போட்ட துணி என்று எழுந்தே போய்விட்டார். அபசகுனம் என்ற சொல் மூன்றாவது வரிசையில் ஆரம்பித்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. நான் போனை உருவினேன். தாரை வார்த்த தண்ணீரில் என் விரல்கள் நனைந்திருந்தன. ஈர விரலுக்குத் தொடுதிரை கேட்காது என்று கடையில் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன் நான். தேய்க்கத் தேய்க்கச் சத்தம் கூடியது. மழையோடு தவளைகளும் சேர்ந்துகொண்டன. கடைசியில் பொத்தானை அழுத்திப் பிடித்துப் போனையே அணைத்தேன்.

பூசாரி நல்ல நேரம் முடிய இன்னும் நான்கு நிமிடம்தான் என்றார். மலர் என்னைப் பார்த்த பார்வையில் என் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்த தலை நிமிராமல் வனிதா பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா எங்க? அம்மா கையத் தூக்காம நான் கழுத்த நீட்டமாட்டேன்."

இருநூறு தலைகளும் பின்னால் திரும்பின. பந்திக்கூடத்து வாசலில், கதவோடு கதவாக, சோற்றுக் கரண்டியும் கையுமாக அத்தை நின்றுகொண்டிருந்தார். ஓய்வாக உட்காரச் சொன்னேன் அல்லவா, அவர் போய் பந்தி வேலையில் புகுந்துகொண்டிருக்கிறார். எல்லாரும் பார்ப்பதைக் கண்டதும் பின்வாங்கப் பார்த்தார். வனிதா தலை நிமிர்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார். கரண்டியைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

யார் முதலில் ஆரம்பித்தது என்று இன்றுவரை தகராறு. யாரோ முன் நாற்காலியின் முதுகில் உள்ளங்கையால் அறைந்து, வாயால் டும் என்றார். அடுத்த டும்முக்குப் பாதி மண்டபம் சேர்ந்துகொண்டது. மூன்றாவதுக்குப் பூசாரி உட்பட எல்லாரும். ரவி மூன்று முடிச்சும் போட்டான். பிறகு அந்த சிடியில் வருகிற அதே அமைதி. இருநூறு பேரும் அளந்து வைத்ததுபோல் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தார்கள். அப்புறம் அட்சதை விழுந்தது. எனக்கு மட்டும்தான் அந்த மேளத்தில் எங்கே சேர வேண்டும் என்று தெரியவில்லை.

சாயங்காலம் பெண்ணை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். சிடி எங்கே போனது என்பதை அன்றைக்குத்தான் மலரிடம் முழுதாகச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா போனப்புறம் அம்மா ஒரு கல்யாணத்துலயும் முன்னால நின்னதில்ல. யாரும் வராதேன்னு சொல்லல, அவங்களே ஒதுங்கிக்குவாங்க. அந்தப் பிளேயர் மூடிய ஒரு மாதிரி அமுக்கிப் பிடிக்கணும், அது அம்மாவுக்குத்தான் தெரியும். அதுக்காகத்தான் மேடை பக்கத்துல ஒரு நாற்காலி கெடச்சுது. எல்லார் வீட்டுலயும் கெடச்சுது. சொந்த மக கல்யாணத்துல நீங்க அதை எடுத்துட்டீங்க."

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். விதவையை ஒதுக்கும் வழக்கம் நல்லதா கெட்டதா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், கெட்டது, மடத்தனம் என்று நான் மேசையைக் குத்திப் பேசியிருப்பேன். பேசுகிற என்னால் அத்தைக்கு ஒரு நாற்காலி போட முடிந்ததில்லை. ஒரு கீறல் விழுந்த சிடி போட்டிருக்கிறது. அதைத்தான் நான் குருவிக்குக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை படகில் ஆற்றைக் கடந்து, வண்டி பிடித்து த்வாண்டே போனேன். ஊ டின் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "பானையில் விரிசலா, ஸயா?" என்றுதான் முதலில் கேட்டார். (ஸயா என்றால் வாத்தியார். கடைக்காரனுக்கும் அந்த மரியாதை உண்டு.) அறுவடை முடிந்து கோடை நெல்லுக்கு விதை தெளித்திருந்தார்கள். நாற்றங்காலைச் சுற்றி மூங்கில்களில் மாமனாரின் சிடிகள் மின்னிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் எழுத்து இல்லை. மூன்று மாத வெயில் அவருடைய கையெழுத்தைச் சுத்தமாகத் துடைத்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டில் கரோக்கி பாட ஒரு பழைய பிளேயர் இருந்தது, சோலார் பேட்டரியில் ஓடும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார் அவர் மனைவி. மேளம் மூன்று தரம் திக்கினால் அதுதான் என்று அந்த அம்மாவுக்கு மேசையைத் தட்டிக் காட்டினேன். ஆனால் சிடிகளை இறக்க ஆரம்பித்ததும் குருவிகள் வந்து இறங்கிவிட்டன. ஊ டின் சிரிக்காமல் நியாயத்தைச் சொன்னார்.

"சிடியை நீங்கள் இறக்கினால், சிடியின் வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்."

ஆகவே அன்று பகல் முழுக்க, ரங்கூனில் கைப்பேசி நிபுணன் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிற நான், சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு வரப்பில் முன்னும் பின்னும் ஓடினேன். வீட்டுப் பக்கமிருந்து என்னென்னவோ வந்தது. பாதிக்கு மேல் ஊமை. சிலவற்றில் பக்திப் பாட்டு, சிலவற்றில் பழைய டூயட். ஒன்றில் யாரோ ஒருவர் அரசியல் பேசினார். ஊ டின் மனைவி அதையும் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

ஓடுகிற ஓட்டத்தில் யோசிக்க நேரம் கிடைத்தது. நெட் நின்றுபோகும், அதனால் சிடி வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கரண்ட் போனால் சிடியும் ஊமைதான். சத்தத்தை மட்டும் பார்த்தால் போன்தான் சுத்தம், இன்றைக்கும் சொல்வேன், அதை விற்றுத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் போனில் வருகிற பாட்டு எல்லாரிடமும் இருக்கிறது, அதற்காக யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. சிடி ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வேண்டும் என்றால் அங்கே போய், தேநீர் குடித்து, நலம் விசாரித்து, கடைசியில் அவரையும் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். நான் அந்தச் சிரமத்தை ஒழித்தேன். சிரமத்தோடு ஆளும் போய்விட்டார்.

வெயில் சாய்கிற நேரத்தில் வயலைத் தாண்டி நாகஸ்வரம் கேட்டது. நான் கையை வீசுவதை நிறுத்தினேன். மேளம் ஏறியது, உச்சத்துக்குப் போனது, மாட்டியது. டும், டும், டும். பிறகு இன்னொரு டும். அப்புறம் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் அமைதி. வெயில் தன் பங்குக்கு இரண்டு சேர்த்திருந்தது. எனக்கு அது போதும் என்றிருந்தது. சட்டை போடாமல் வரப்பில் நின்று சிரித்தேன். அந்த இடைவெளியில் குருவிகள் தின்ற விதைக்கு நானே பொறுப்பு. மற்ற சிடிகளைத் திரும்பக் கட்டிக்கொடுத்துவிட்டு, பாடாத ஒன்றை மட்டும் ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பானையைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஊ டின் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

சிடியை அத்தையிடம் கொடுத்து, ஐந்து டும் ஆகிவிட்டது என்பதையும் சொன்னேன். முந்தானையால் துடைத்தார். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் போகாமல், என் எதிரிலேயே நின்று பேசினார்.

"இனிமே எதையாச்சும் குடுக்கறதா இருந்தா, என்கிட்ட ரெண்டு தடவ கேளுங்க மாப்பிள்ளை. மொத தடவ நான் சொல்றத எடுத்துக்காதீங்க."

அடுத்த முகூர்த்தத்தில் வார்டில் ஒரு கல்யாணம் வந்தது. ஸ்டூல், பிளேயர், நாற்காலி, நாற்காலியில் அத்தை. ஐந்து டும்மில் எதற்கு முடிச்சுப் போடுவது என்று பூசாரி கவலையோடு கேட்டார். அத்தை யோசிக்கவே இல்லை.

"மொத ரெண்டு டும் எங்க மாப்பிள்ளைக்கு. அடுத்த மூணுதான் தாலிக்கு" என்றார்.

அதுவே இப்போது சம்பிரதாயம். தாலி கட்டப்போகிற பையன்களுக்கு அவர்களுடைய நண்பர்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்கள், முதல் இரண்டுக்கு அவசரப்படாதே, அது த்வாண்டே மாப்பிள்ளைக்கு என்று. என் பெயரும் அப்படித்தான் ஆகிவிட்டது. மோல்மீன்காரன் என்பது பலருக்கு மறந்தே போயிற்று. அன்று கைக்குழந்தையாக இருந்த என் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். டும் எனக்கு எதற்கு இரண்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டுச் சண்டை பிடிக்கிறாள்.

நானும் இப்போது பந்தி நேரம் பார்த்துப் போவதில்லை. முகூர்த்தத்துக்கு முன்பே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறேன். மேளம் ஏறும். முதல் டும் விழுந்ததும் மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். நான் எழுந்து நின்று ஒரு கும்பிடு போடுவேன். இரண்டாவதுக்கு லெட்சுமி அத்தையும் பார்ப்பார், முகத்துக்கு நேராக, சிரித்துக்கொண்டு. பிறகு பூசாரி பக்கம் திரும்பி வலது கையைத் தூக்குவார்.